இணையத்துக்கு ஒரு கணக்கு நோட்டு போடுவது எப்படி

பேரன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பட்டிமன்றம் என்று வந்து நின்றான். இணையத்தால் சமுதாயத்துக்கு நன்மையா தீமையா என்பது தலைப்பு. அவனுக்குக் கிடைத்தது நன்மை அணி. "அப்பாரு, நாலு குறிப்பு சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றான்.

கோவை பக்கம் நெசவு ஊரான சோமனூரில் ஒரு நூல் கடையில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். வருடக் கடைசியில் முதலாளி 'லாபமா நஷ்டமா' என்று கேட்டால் நாலு குறிப்பு சொல்லித் தப்பித்துவிட முடியாது. நாள்வழியைப் பார்த்து, பேரேட்டில் ஏற்றி, மொத்த இருப்பைக் காட்டும் ஐந்தொகை எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். அதைத்தான் பேரனிடமும் சொன்னேன். "ஒரு மாதம் பொறு கண்ணு. இந்த வீட்டுக்கு இணையம் என்ன கொடுத்தது, என்ன எடுத்தது என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பேசலாம்." பட்டிமன்றம் அந்த வெள்ளிக்கிழமையே. அவன் போய் ஏதோ பேசி, ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கி வந்துவிட்டான். நோட்டு மட்டும் நின்றுபோகவில்லை, ஐந்தாவது மாதம் ஓடுகிறது. ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்தவர்கள் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டிலும் போடவேண்டும் என்று முறை கேட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நோட்டும் பத்திகளும்

கடையில் நீள நோட்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். கோடு போட்டதாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: தேதி, யார், என்ன காரியம், வரவு, பற்று, கடைசியாக 'யார் தலையில்'. வந்ததெல்லாம் வரவு, போனதெல்லாம் பற்று. வணிகவியல் படித்தவர்கள் வரவு பற்றுக்கு வேறு இலக்கணம் சொல்லிச் சண்டைக்கு வரவேண்டாம். இது வீட்டுக் கணக்கு.

ஆறாவது பத்தி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வாரம் எனக்கே அது தேவைப்படவில்லை. இருந்தாலும் இடம் விட்டுவையுங்கள், பிறகு சொல்கிறேன்.

நோட்டைச் சமையலறை வாசலில், நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டுங்கள். ஒரு பென்சிலைப் பாவு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். செல்பேசியில் இதற்குச் செயலி இருக்கிறது என்று மகன் சொன்னான். இருக்கட்டும். எழுதுவதற்காகச் செல்பேசியைக் கையில் எடுத்தவன் அரை மணி நேரம் கழித்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான், கணக்கு எழுதியிருக்க மாட்டான்.

அன்றன்று எழுதவேண்டும். அவரவர் கையால் எழுதவேண்டும். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, எண்பத்தெட்டு வயது. அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். ஒருவருடைய வரியை மற்றவர் அடிக்கவோ திருத்தவோ கூடாது, பக்கத்தில் ஆட்சேபம் எழுதலாம். எங்கள் நோட்டில் ஆட்சேபங்களே முக்கால் நோட்டு.

முதல் பக்கத்தை மட்டும் தனியாக விடுங்கள். அது தொடக்க இருப்பு. நோட்டு போடுவதற்கு முன்னால் இணையத்தால் உங்கள் வீட்டுக்கு நேர்ந்த பெரிய லாபம், பெரிய நஷ்டம் இரண்டையும் நினைவுபடுத்தி அங்கே ஏற்றுங்கள். பழைய பாக்கியைக் கொண்டுவராமல் புதுக் கணக்கு தொடங்குவது கள்ளக் கணக்குக்காரன் வேலை.

வரவு எழுதுவது சுலபம், அதில்தான் ஏமாறுவோம்

வரவுப் பத்தி முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும். எங்கள் வீட்டில் முதல் வரி என்னுடையதுதான். பூமி சம்பந்தமாக ஒரு வில்லங்கம் பார்க்கவேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் என்றால் கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறி, மனு எழுதுபவரிடம் உட்கார்ந்து மனு எழுதி, பணம் கட்டி, 'நாலு நாள் கழித்து வாருங்கள்' என்று கேட்டுத் திரும்பி வந்து, நாலு நாள் கழித்து மறுபடி போகவேண்டும். இப்போது பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுக் கட்டணமில்லாமல் பார்வையிட்டேன். கால் மணி நேரம். 'அரைநாள் மிச்சம், இரண்டு நடை பஸ் மிச்சம்' என்று பெருமையாக எழுதினேன்.

மருமகள் ரவிக்கை தைக்கிறாள். துணி, கழுத்து மாதிரி, அளவு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, கூலி யுபிஐயில் வந்துவிடுகிறது. 2016-இல் யுபிஐ வந்தபோது 'இதெல்லாம் நம் ஊருக்கு ஆகாது' என்று சொன்னவன் நான். இன்று அவளிடம் தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. காங்கேயம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சானுக்கு, வெள்ளகோவிலிலும் அவல்பூந்துறையிலும் கொப்பரை ஏலம் என்ன விலைக்குப் போனது என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடுகிறது. தோப்புக்கு வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை என்றிருந்த காலத்தில் அவர் பேரமே பேசமாட்டார். இப்போது பேரம் பேசி முடித்துவிட்டுத்தான் வியாபாரிக்குத் தண்ணீரே கொடுக்கிறார்.

எங்கள் கடைக்கே நூல் விலை ஒரு காலத்தில் வெளியூருக்கு ட்ரங்க் கால் என்று தொலைபேசியில் பதிவுசெய்து பேசி, இல்லையென்றால் தந்தியில்தான் வந்தது. தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது. விலை தெரிந்த முதலாளிக்கும் தெரியாத கூலி நெசவாளிக்கும் நடுவில் இருந்த அந்த ஒருநாள் இடைவெளியில்தான் எத்தனையோ பேருடைய மாடிவீடு எழும்பியது. இன்று அந்த இடைவெளி இல்லை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தியபோது, இன்றைய பேச்சுவார்த்தையில் என்ன ஆனது என்பது முதலாளி, நெசவாளி எல்லோருடைய செல்பேசிக்கும் ஒரே நேரத்தில் வந்தது. இதை நான் வரவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இனி ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். கணக்கில் ஒரு வரவு இருந்தால் அது எங்கே போனது என்று இன்னொரு வரி இருந்தாகவேண்டும். 'அரைநாள் மிச்சம்' என்று எழுதினேனே, அந்த அரைநாள் எங்கே போனது? நோட்டில் அடுத்த வரியைப் பார்த்தேன். என் கையெழுத்துதான்: 'மதியம், யானை வீடியோ, இரண்டரை மணி.' சத்தியமங்கலம் சாலையில் கரும்பு லாரியை மறிக்கும் யானையில் ஆரம்பித்து, கேரளத்தில் கோவில் யானை குளிப்பதில் முடிந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் கழிந்திருக்க வேண்டிய நேரம் சாய்வு நாற்காலியில் கழிந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் நாலு பேரோடு பேசியாவது இருப்பேன்.

ஆகவே மிச்சமான நேரத்தை நேராக வரவில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் சிறிதாக எழுதி அடைப்புக்குறி போட்டுவையுங்கள். அது என்னவாக மாறியது என்று தெரிந்த பிறகு ஏற்றுங்கள். மருமகளுக்கு மிச்சமான ஒரு மணி நேரம் இன்னொரு ரவிக்கையாக மாறியது, அது வரவு. எனக்கு மிச்சமானது யானையாக மாறியது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மனைவியைக் கேட்டேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்துப்பார்ப்பது

வங்கிப் புத்தகத்தையும் நம் கணக்கையும் மாதம் ஒருமுறை ஒத்துப்பார்ப்போமே, அதேபோல இதற்கும் உண்டு. ஆண்ட்ராய்டு செல்பேசியின் அமைப்புகளில், எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்று நாள்வாரியாகக் காட்டும் பகுதி இருக்கிறது. ஐபோனிலும் உண்டு. அதைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பார்த்துவிட்டு ஊகம் எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

நான் நாளுக்கு நாற்பது நிமிடம் என்று எழுதினேன். செல்பேசி இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்றது. மனைவி மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தாள், அவளுடையது ஒரு மணி பத்து நிமிடம். அடுப்படியில் நின்றுகொண்டு பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் குற்ற உணர்ச்சியோடு பார்க்கிறவளுக்கு நேரம் நீளமாகத் தெரிகிறது. எனக்குக் கேட்க ஆளில்லாததால் குறுகிப்போகிறது. பேரன்தான் சரியாகச் சொன்னான், ஐந்து நிமிடம்கூடப் பிசகவில்லை. தெரிந்துகொண்டே செய்கிறான்.

பற்று: ரசீது இல்லாத செலவு

கடையில் ரசீது இல்லாமல் ஒரு டீச் செலவைக்கூட எழுதவிடமாட்டேன். இங்கே தலைகீழ். ரீசார்ஜுக்கும் அகலப்பட்டைக்கும் மட்டும்தான் ரசீது வரும், அது சில்லறை. பெரிய செலவுகளுக்கு ரசீதே கிடையாது. அதனால்தான் ஊரில் எல்லோர் வாயிலும் நன்மை பட்டியலாக வருகிறது, தீமை புலம்பலாக வருகிறது.

பணமாகப் போனதை முதலில் எழுதிவிடுங்கள், வெட்கப்படாமல். என் தொடக்க இருப்புப் பக்கத்தில் முதல் பற்று 18,400 ரூபாய். 2022-இல் ஒருநாள் சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும். கட்டணம் கட்டிய ரசீது என் மேசையிலேயே இருக்கிறது. ரசீதையே மதமாக வைத்திருந்தவன் ரசீதை நம்பாமல் குறுஞ்செய்தியை நம்பினேன். அந்தப் பக்கம் பேசியவர் அவ்வளவு மரியாதை. ஒரு செயலியை இறக்கச் சொன்னார், பதிவைச் சரிசெய்யப் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னார். நான் இறக்கியது என் திரை முழுவதையும் அவர் அங்கிருந்தே பார்க்கும்படி செய்யும் செயலி. நான் தட்டிய அட்டை எண், வந்த ஓடிபி எல்லாம் அவர் கண்முன்னால். மனைவி மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்து வருவதற்குள் பணம் போய்விட்டது.

மகன் வந்ததும் 1930-க்கு அழைத்தான். இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. இருபது நிமிடத்துக்குள் சொன்னதால் ஒரு பகுதியை நடுவழியில் நிறுத்திவைத்தார்கள். அது சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மீதியை வாராக்கடன் என்று எழுதியிருக்கிறேன். இந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள். போன பணம் நாலைந்து கணக்கு தாண்டுவதற்கு முன்னால் சொன்னால்தான் பிடிக்க முடியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம், சொந்தக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. அழைத்துச் சொன்ன பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியவேண்டும்.

அட்டையின் உள்பக்கத்தில் நாங்கள் எழுதி ஒட்டியிருப்பது இவ்வளவுதான்: பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் தேவையில்லை, கேட்டால் அது நம்மிடமிருந்து எடுப்பதற்கு. வாட்ஸ்அப்பில் ஏபிகே (.apk) என்று முடியும், செயலியை நிறுவும் கோப்பு வந்தால், கல்யாணப் பத்திரிகை என்று சொன்னாலும் விவசாயிகள் உதவித்தொகை என்று சொன்னாலும் தொடக்கூடாது. காணொளியில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு 'உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அப்படி ஒரு கைது இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை, துண்டித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஆளைக் கூப்பிடவேண்டும். உடனே, இப்போதே, யாரிடமும் சொல்லாமல் என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பற்று எழுதும்போது நியாயமும் வேண்டும். எல்லா நஷ்டத்தையும் இணையத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. இங்கே யாருக்கும் ஈமு கோழி மறந்திருக்காது, பணம் போட்டு வளர்த்தால் மாதாமாதம் வருமானம் என்று சொன்ன திட்டம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் அது கவிழ்ந்தபோது எத்தனை வீட்டுக் கல்யாணப் பணம், ஓய்வூதியப் பணம் போனது! அதற்கு இணையமா தேவைப்பட்டது? விளம்பரமும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையும் போதுமாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இணையம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது நம் பேராசையின் கணக்கு, வேறு நோட்டு. ஈமுவுக்குக் கொட்டகை போடவேண்டும், குஞ்சு வாங்கவேண்டும், ஏமாற மாதக்கணக்காகும், ஏமாற்றியவருக்கு ஊரில் ஒரு முகவரி இருக்கும். எனக்கு நடந்ததற்கு மெழுகுவர்த்தி தேடும் நேரம் போதுமாக இருந்தது, முகவரி இல்லை. அந்த வேகத்தையும் தூரத்தையும்தான் இணையத்தின் பேரில் எழுதவேண்டும். எழுதியிருக்கிறேன்.

ஆறாவது பத்தி

இரண்டாவது வாரம் பழைய வரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. வில்லங்கம் பார்த்ததில் எனக்கு வரவு. மனு எழுதுகிறவருக்கு? அலுவலக வாசலில் மரப்பலகையும் கார்பன் தாளுமாக உட்கார்ந்திருந்த மனிதர். அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், மனுவுக்குக் கூலியோடு ஊர்ச் செய்தியையும் சேர்த்துக் கொடுப்பார். என் மிச்சம் அவருடைய வருமானம். இரண்டையும் ஒரே வரியில் வரவு, பற்று என்று போட்டுக் கழித்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். எனக்கு வந்தது எனக்கு வந்ததுதான், அவருக்குப் போனது அவருக்குப் போனதுதான். ஆட்கள் வேறு. ஒரு கடையின் லாபத்தை இன்னொரு கடையின் நஷ்டத்தில் கழிக்க எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்கமாட்டான். நன்மையா தீமையா என்று பட்டிமன்றத்தில் கழித்துப் பார்ப்பதெல்லாம் இந்தத் தப்புக் கணக்குதான்.

அதற்காகத்தான் 'யார் தலையில்' பத்தி. ஒவ்வொரு வரிக்கும் நேராக, இதனால் யாருக்கு வந்தது, யாருக்குப் போனது என்று ஆளையே எழுதுங்கள். 'மக்கள்', 'சமுதாயம்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். எங்கள் நோட்டில் 'வளையல் கடைக்காரர்', 'மூன்றாம் வீதி மெஸ் அம்மணி', 'பேரனின் சிநேகிதன்' என்றுதான் இருக்கும்.

என் அம்மாவின் வரிகளை இந்தப் பத்தி இல்லாமல் எழுதியிருக்கவே முடியாது. சிறுவயதிலிருந்து தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டான தார் சுற்றியவர். கைத்தறிக் காலத்தில் நூல் ஓடி ஓடி அவருடைய கட்டைவிரல் வழவழவென்று ஆகிவிட்டது, ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரேஷன் கடையில் இயந்திரத்தில் விரலை வைத்தார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. எச்சில் தொட்டு வைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைக்காரப் பையன் நல்லவன், "ஆத்தா, அடுத்த விரல்" என்று பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னான். ஒன்பதாவது விரல் ஏற்றது. இந்த முறை வந்ததால் போலி அட்டைக்குப் பொருள் போவது குறைகிறது, அது ஊருக்கு வரவு. அறுபது வருடம் உழைத்ததற்கு அடையாளமான விரல் அவரையே அவர் இல்லை என்று சொன்னது, அது இவருக்குப் பற்று. இப்போது கருவிழியைக் காட்டும் கருவி வந்திருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்காக வேறொருவரைப் பதிந்துவைக்கவும் வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படிப் பெரியவர் இருந்தால் இன்றே விசாரித்து வையுங்கள், அடுத்த மாதம் வரிசையில் நிற்கும்போது விசாரிக்காதீர்கள்.

அம்மா தானாகச் சொல்லி எழுதவைத்த வரி ஒன்று: 'அமாவாசை என்றைக்கு என்று இப்போது என்னை யாரும் கேட்பதில்லை.' வரவா பற்றா என்று பேரன் கேட்டிருக்கிறான். நடுவில் எழுது என்றாராம். கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறான்.

இணையம் இருப்பதால் வரும் நஷ்டத்தை எல்லோரும் எழுதுகிறார்கள், இல்லாததால் வரும் நஷ்டத்தையும் எழுதுங்கள். கொரோனாக் காலத்தில் பேரனுக்கு வீட்டிலேயே வகுப்பு நடந்தது. பின் வீதியில் மூன்று குழந்தைகளுக்கு ஒரு செல்பேசி, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அந்த வீட்டுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம். ஒரே வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகள், திரும்பப் பள்ளி திறந்தபோது ஒரே வகுப்பில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஒரே வரியில் இரண்டு பத்தியும் நிரம்பிய நாள்

தொடக்க இருப்பில் இன்னொரு வரி, 2023 மார்ச். பக்கத்துத் தறிக்குடோனில் பீகாரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் வேலை செய்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், மனைவியிடம் ஒப்புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். ஒருநாள் ராத்திரி கதவைத் தட்டினான். கையில் செல்பேசி. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று இந்தியில் ஒரு காணொளி. அவனுடைய ஊரிலிருந்து யாரோ அனுப்பியது. திருப்பூர், கோவை என்று எங்கள் ஊர்ப் பெயர்கள்தான் அடிபடுகின்றன. "ஐயா, இது எங்கே நடந்தது? பஸ் நிலையம் பக்கமா?" என்று என்னைக் கேட்கிறான். நான் அன்று காலையில்தான் பஸ் நிலையத்தில் காய் வாங்கினேன்.

வேறெங்கோ, வேறெதற்காகவோ நடந்த அடிதடிகளின் படங்களை எடுத்துத் தமிழ்நாட்டில் நடந்ததாகப் பரப்பினார்கள். காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது. பரப்பியவர்கள்மேல் வழக்குகள் பதிந்தார்கள். ஹோலிப் பண்டிகையும் அதே சமயம் வந்ததால், பயந்து போகிறவர் யார், பண்டிகைக்குப் போகிறவர் யார் என்று ரயில் நிலையத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீதியில் மூன்று குடோன்களில் தறி நின்றது.

அந்த ராத்திரி அவன் எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். ஊரில் அவன் அம்மாவுக்கும் அதே காணொளி போயிருக்கிறது, அழுதுகொண்டே அழைத்தார். பையன் காணொளி அழைப்பில் எங்கள் வாசலைக் காட்டினான், என்னைக் காட்டினான், என் அம்மாவைக் காட்டினான். என் அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவன் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கிழவிகளும் திரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே ஏதேதோ பேசினார்கள். அந்த அம்மாவின் அழுகை நின்றது.

பயத்தைக் கொண்டுவந்ததும் அந்தச் செல்பேசிதான், தணித்ததும் அதுதான். பயத்துக்கு ஒரு வினாடி போதுமாக இருந்தது, தணிப்பதற்கு ஒரு திண்ணையும் இரண்டு மனிதர்களும் தேவைப்பட்டார்கள். நோட்டில் இதற்கு வரவும் பற்றும் ஒரே வரியில் இருக்கின்றன, கூட்டல் போடவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்ற பொருளில் குறிப்பு இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அதைப் பகிர்வதற்கு முன் அதில் சொல்லியிருக்கிற ஊரில் நமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்பது, தெரிந்தவர் இல்லையென்றால் பகிராமல் விடுவது. இந்த விதியால் எங்கள் உறவினர் குழுவில் என்னைக் கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். பற்றுப் பத்தியில் அதையும் எழுதியிருக்கிறேன்.

பொதுக் களஞ்சியம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15. மூன்று வருடம்கூட ஆகவில்லை, 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கித் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா. பேரன் பள்ளிக்கு வேண்டியதை அங்கிருந்து வாரிக்கொள்கிறான். எடுத்ததை எழுதுகிறோமே, வைத்ததையும் எழுதவேண்டாமா? களத்து மேட்டில் வாங்கிய தானியத்துக்குத் திருப்பிக் கொடுத்த கணக்கும் இருக்கும் அல்லவா? 'வைத்தது' என்று ஒரு தனிப் பக்கம் போட்டேன். இரண்டு மாதம் அது வெள்ளையாகவே இருந்தது. வெட்கமாகிவிட்டது. அம்மாவிடம் கேட்டுப் பாவு, ஊடை, தார், நாடா, விழுது என்று தறிச் சொற்களை எழுதிக்கொண்டு வருகிறேன். பேரன் அவற்றை விக்சனரி என்ற இணைய அகராதியில் தேடி, இல்லாததைச் சேர்க்கிறான். அமாவாசையைக் கேட்காதவர்கள் இதையாவது கேட்கிறார்களே என்று அம்மாவுக்கு ஒரு திருப்தி.

மாதக் கடைசி

கடைசி ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு. நோட்டை ஒருவர் உரக்கப் படிக்கவேண்டும். மூன்று பட்டியல் எடுங்கள்: ரூபாயாக எழுதக்கூடியது, மணியாக எழுதக்கூடியது, எண்ணே இல்லாதது. ரூபாயைக் கூட்டலாம். மணியை ஆளுக்கு ஆள் தனியாகக் கூட்டலாம். மூன்றாவது பட்டியலை வாசிக்க மட்டும் செய்யுங்கள். எதையும் எதிலும் கழிக்காதீர்கள்.

பிறகு ஒரே ஒரு மாற்றம். இரண்டு வேண்டாம், இரண்டு முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. முதல் மாதம் வைஃபை பெட்டியை இரவு ஒன்பதரைக்கு அணைப்பதென்று முடிவு. மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், அவனுடைய வேலை மின்னஞ்சல் திருப்பூர் கம்பெனியிலிருந்து பத்து மணிக்கும் வருமாம். ஆட்சேபம் பதிவானது. இரண்டாம் மாதம் பேரனுடைய செல்பேசியைக் கூடத்திலேயே மின்னேற்றுவது. மூன்றாம் மாதம் என்னுடையது. யானைக்கு ஒரு நாளைக்கு அரைமணி. நான்காம் மாதம், ரவிக்கைத் துணியை இணையத்தில் வாங்காமல் வளையல் கடைக்கு அடுத்த துணிக்கடையில் வாங்கிப் பார்ப்பது. மீட்டருக்குச் சற்று அதிகம் ஆனது, மருமகள் அதைப் பற்றில் எழுதினாள். அந்தக் கடைக்காரர் தன்னிடம் வருகிறவர்களை இவளிடம் தைக்க அனுப்பினார், அடுத்த வாரம் அதை வரவில் எழுதினாள்.

போன ஞாயிறு படித்து முடித்தபோது பேரன் ஒரு சந்தேகம் கேட்டான். நீள நோட்டு வாங்கிய காசை எந்தக் கணக்கில் எழுதுவது, அதுவும் இணையத்தால் வந்த செலவுதானே என்று. அவன் சொன்னது சரி. பற்று 45 ரூபாய், யார் தலையில் என்ற இடத்தில் 'அப்பாரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.